தோழி யாரைக் காதலித்தாள்?

முதுகலை இரண்டாமாண்டுக்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு என்றால் பாதிப்பேர் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்குவார்கள். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பலகையில் எழுதிப்போட்டு, யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், தலைவி தலைவனை லவ் பண்றா. தலைவனும் அவளை லவ் பண்றான். நடுவுல இந்தத் தோழி யாரை லவ் பண்ணினா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். தோழிக்கென்று தனிக்காதல் அகமரபில் கிடையாது, தலைவியின் காதலை நடத்தித்தருவதுதான் அவள் வேலை என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதிலைச் சொன்னேன். "பாவம் மேம்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பதில் தவறு என்பதால் அல்ல. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் பதில்தான் அது. எனக்கும் ஒரு தோழி இருந்தாள். இருக்கிறாள். அவளைப் பற்றி இதே கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் யாரைக் காதலித்தாள்? என்னையா?

2001 முதல் 2003 வரை மதுரையில் நாங்கள் ஒரே விடுதி, ஒரே அறை. அவள் தேனிப் பக்கம். என்னைவிட நன்றாகப் படிப்பாள். என்னைவிடக் கஷ்டப்பட்ட வீடு. நூற்பாக்களை எண்ணோடு ஒப்பிப்பாள். என் தலையில் பேன் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடிப் படிக்கட்டில் என்னைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, ஈருளியும் சீப்புமாக இரண்டு மணி நேரம். ஆராய்ச்சி மாணவராக இருந்த ஒருவரை நான் காதலித்தேன். அவருக்கு நான் எழுதிய கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பதில் வாங்கிவந்ததும் அவள்தான். காப்பாளரிடம் எனக்காகச் சொல்லாத பொய் இல்லை. கடைசியில் எங்கள் ஊருக்கு வந்து என் அம்மாவிடம் விஷயத்தைப் பக்குவமாகப் போட்டுடைத்ததும் அவள்தான். அந்த ஆராய்ச்சி மாணவர்தான் இன்று என் கணவர். அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அவளை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இதை உளவியல் சார்ந்து எழுத எனக்குத் தகுதி இல்லை. எனக்குப் பழக்கமான வழி சொல்லிலிருந்து தொடங்குவது.

"நட்பா, காதலா?" என்று இன்று கேட்கிறோம். திரைப்படம் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், நாமே நம்மிடம் கேட்டுக்கொள்கிறோம். இரண்டும் இரண்டு பெட்டிகள். ஒன்றில் இருந்தால் மற்றொன்றில் இருக்க முடியாது. ஆனால் இந்தப் பிரிப்பு தமிழில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தாரின் தலைவி, நிலத்தையும் வானையும் கடலையும் அளவுகோலாக வைத்து ஒன்றை அளக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அதைத் தலைவியின் காதலின் பெருமை என்று படித்தோம். பாட்டில் காதல் என்ற சொல் இல்லை. மலைநாடனோடு தனக்கிருக்கும் 'நட்பு' என்றுதான் அவள் சொல்கிறாள். கேண்மை, தொடர்பு ஆகிய சொற்களும் அப்படித்தான், இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வருகின்றன. வள்ளுவர் நட்புக்கென்று பொருட்பாலில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கினார். அவை அரசனும் அமைச்சனும் நடமாடும் உலகத்து நட்பு; அந்த ஐந்திலும் பெண்ணுக்குப் பெண் தோழமை பற்றி ஒரு சொல் இல்லை. அதே வள்ளுவர் 1122ஆம் குறளில், உடலுக்கும் உயிருக்கும் இடையே இருப்பதைத் தலைவிக்கும் தனக்கும் இடையே இருப்பதற்கு உவமையாகச் சொல்லும் தலைவனின் வாயில் வைத்த சொல்லும் நட்புதான். காதல் என்ற சொல்லோ பிள்ளைப் பாசத்துக்கும் ஆனது, காதற்புதல்வன் என்கிறோம். ஆண்பெண் வேட்கையைக் குறிக்கக் கூச்சமில்லாமல் காமம் என்றார்கள். காமம் கெட்ட வார்த்தையாகி, அதன் வேலையைக் காதல் ஏற்றுக்கொண்டு, நட்பு எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது பின்னால் நடந்த கதை. எங்கள் விடுதிக்கு நாங்கள் போனபோது பெட்டிகள் தயாராக இருந்தன. அவளும் நானும் 'ஃபிரண்ட்ஸ்'. பெயர் ஒட்டியாகிவிட்டது. பெயர் ஒட்டியாகிவிட்ட ஒன்றைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

தோழிக்கு வருகிறேன். தொல்காப்பியக் களவியல் அவளைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறது. வகுப்பில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவோம். செவிலி என்பவள் தலைவியை வளர்த்தவள். இன்னொருத்தி வீட்டுக் குழந்தைக்குத் தன் உடலையும் காலத்தையும் கொடுத்தவள். அவள் மகள்தான் தோழி என்றால், அந்த அன்புக்குள் ஒரு வேலைக்காரப் பரம்பரை இருக்கிறது. எனக்கு டைபாய்டு வந்து கிடந்த பதினெட்டு நாட்கள் என் துணிகளை அவள்தான் துவைத்தாள். துவைக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை, வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அவள் வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அன்பு என்று நான் எடுத்துக்கொண்டதில் எவ்வளவு என் உரிமை மனப்பான்மை? பெண்ணெழுத்து பேசும் நாம் தோழியின் உழைப்பைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

ஆனால் அதே தொல்காப்பியத்தில், பொருளியலில், ஒரு விசித்திரமான நூற்பா இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வின்போது நூறு தடவை படித்திருப்பேன். பொருள் புரிந்தது, அது எதைப் பற்றியது என்று புரியவில்லை. ஒரு பொருள் ஒருவருக்கு உரிமையாக நான்கு வழிகள் உண்டு: தாயமாக வரலாம், ஒருவர் கொடுத்து வரலாம், உழைத்துத் தேடலாம், பங்கு பிரித்துப் பெறலாம். இந்த நான்கில் எந்த வழியிலும் வராத ஒன்றை 'எம்முடையது' என்று சொல்வது முறையல்ல. ஆனாலும் அப்படிச் சொல்வது பொருந்துகிற இடங்களும் உண்டு என்கிறது நூற்பா. அந்த இடங்கள் எவை? தோழி தலைவியின் உடலைப் பற்றிப் பேசும் இடங்கள் என்கிறார்கள் உரையாசிரியர்கள். தலைவியின் தோளைத் தோழி "என் தோள்" எனலாம். தலைவியின் நெற்றி பசந்தால் "என் நெற்றி பசந்தது" எனலாம். அது பிழையாகாது.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டாடும் ஓர் இலக்கணம், ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடலைத் தன்னுடையது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறது. கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறது. திடுக்கிட்டதால்தானே விதி எழுத வேண்டிவந்தது! யாரும் சொல்லாத ஒன்றுக்கு யாரும் விலக்கு எழுதுவதில்லை. சொத்துரிமையின் மொழியை எடுத்துவந்து, எந்தப் பத்திரத்திலும் சேராத இந்த 'எம்' எங்கிருந்து வருகிறது என்று அது யோசித்திருக்கிறது. விடை சொல்லவில்லை. உண்டு என்று மட்டும் பதிவு செய்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டது, நான் அடுத்த பாட்டுக்குப் போனதைப் போல.

உடனே சிலர் கேட்பார்கள்: தோழியைத் தன்பால் ஈர்ப்புள்ளவள் என்கிறீர்களா? இல்லை. அகப்பாடலில் வருபவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் சுட்டக்கூடாது என்பதே விதி. பெயரில்லாத இலக்கிய வார்ப்பை இன்றைய அடையாளம் ஒன்றில் நுழைப்பது வரலாறு ஆகாது. மேலும் இந்தக் கூற்றுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண்கள். சங்கப் பெண்பாற் புலவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர்தான். நான் சொல்வது ஒன்றுதான். தோழிக்கு மனம் கிடையாது என்று வகுப்பில் நான் சொன்னேனே, அது இலக்கணம் சொன்னதல்ல. நானாகச் சேர்த்துக்கொண்டது.

பெயர் உள்ள ஒரு தோழியும் இருக்கிறாள். சிலப்பதிகாரத்துத் தேவந்தி. கண்ணகியின் பார்ப்பனத் தோழி. அவள் கணவன் சாத்தன் என்ற தெய்வம். தன் உருவத்தைக் காட்டிவிட்டு அவளை விட்டுப் போய்விட்டான். கோவலன் மாதவி வீட்டில் இருந்த காலத்தில் கண்ணகியிடம் போய், சோமகுண்டம் சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று சொல்பவள் இவள்தான். அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பாடப்புத்தகத்தில் தேவந்தி இத்தோடு முடிந்துவிடுவாள். கண்ணகியின் கற்புச் சிறப்பை எடுத்துக்காட்ட வந்தவள் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவோம். வஞ்சிக் காண்டத்தைப் புரட்டினால் அவள் மறுபடி வருகிறாள். கண்ணகி இறந்த பிறகு, செவிலியோடும் அடித்தோழியோடும் புகாரிலிருந்து புறப்பட்டு மதுரை வந்து, வையைக் கரையோடு நடந்து மலைநாட்டுக்கே போய்விட்டாள். செங்குட்டுவன் முன்னால் நின்று புலம்புகிறாள். கடைசியில் கண்ணகி கோயிலில் நாள்தோறும் பூசை செய்யும் பொறுப்பைச் செங்குட்டுவன் அவளிடம்தான் ஒப்படைக்கிறான்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான் என்று கேட்டு, முன்பின் பார்த்திராத பிசிராந்தையார் வந்து உடன் இருந்து உயிர்விட்டாரே, அதை நட்பின் உச்சம் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். நாடு விட்டு நாடு நடந்துபோய், இறந்த தோழியின் சிலைக்கு மிச்ச வாழ்நாளெல்லாம் பூச்சூட்டியவளுக்கு நம் பாடத்திட்டத்தில் பெயரே இல்லை. அவளுக்கும் கண்ணகிக்கும் இடையே இருந்தது என்ன? கணவன் விட்டுப்போன இரண்டு பெண்களின் ஒற்றுமையா? பக்தியா? வேறு எதுவுமா? எது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கேள்வி ஒரு தேர்வுத்தாளிலும் வந்ததில்லை என்கிறேன்.

ஔவையின் கதையில் நடந்தது வேறு. அங்கே கேள்வி எழுந்தது. எழுந்ததால்தான் கதவைச் சாத்த வேண்டிவந்தது.

சங்க ஔவைக்கு 59 பாடல்கள் கிடைக்கின்றன. புறநானூற்றில் மட்டும் 33. அவற்றில் பல தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றியவை. புறம் 89இல் பகையரசன் ஒருவன், உன் நாட்டில் போர் செய்வாரும் உண்டோ என்று கேட்கிறான். கேட்கப்படும் பெண் யார்? ஒளிவிடும் நெற்றியும் மையுண்ட கண்ணும் அணிகலன் பொலியும் இடையும் உள்ள விறலி. ஊர் ஊராக ஆடிப்பாடித் திரியும் கலைப்பெண். இது ஔவை தன்னைப் பற்றியே சொல்வது என்று பலர் படித்திருக்கிறார்கள். நானும் அப்படியே படிக்கிறேன். புறம் 206இல் பரிசில் நீட்டித்தபோது வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டு மூட்டையைக் கட்டுகிறாள். 101இல் எத்தனை நாள் போனாலும் முதல்நாள் போல வரவேற்கிறான் என்கிறாள். கள் கிடைத்தால் அவர்கள் பகிர்ந்து குடித்தார்கள்.

நெல்லிக்கனிக் கதையை எல்லோரும் அறிவோம். 91ஆம் பாட்டை நேராகப் படித்தால் கதையில் விட்டுப்போகும் ஒரு நுட்பம் தெரியும். அந்தக் கனியின் பயன் என்னவென்று அவன் அவளிடம் சொல்லவில்லை. தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான். பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. தெரிந்ததும் நீ சாகாதிரு என்று வாழ்த்துகிறாள். உன் ஆயுளை ஏன் எனக்குக் கொடுத்தாய் என்று கேட்கவில்லை.

அவன் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டு. சிறிதே கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவானே என்று தொடங்கி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வருபவள், நடுவில் ஒன்று சொல்கிறாள்: நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே. எத்தனையோ கையறுநிலைப் பாடல்கள் இருக்கின்றன. புலவர்கள் இழந்தவற்றைக் கணக்கெடுப்பார்கள்: பரிசில், விருந்து, நிழல். உடலின் நாற்றத்தையும் அதைப் பொருட்படுத்தாத கையையும் சொல்வதற்கு ஒருத்திக்குத்தான் வாய்த்தது. எனக்கு ஒவ்வொரு முறையும் மொட்டைமாடிப் படிக்கட்டு ஞாபகம் வரும். வகுப்பில் இந்த இடத்தை நான் கொஞ்சம் வேகமாகவே கடந்துபோவேன்.

எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். புறம் 92இல் ஔவை, தன் சொற்களைக் குழந்தையின் மழலைக்கும் அதைக் கேட்கும் அவன் அருளைத் தந்தையின் அன்புக்கும் ஒப்பிடுகிறாள். ஆகவே தந்தை மகள் உறவுதான் என்பவர்களுக்கும் பாட்டு இருக்கிறது. அதே ஆசிரியை, அதே தலைவன். ஒன்றில் மழலை, ஒன்றில் தலை தடவும் கை. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடாதா என்ன?

இந்தக் குழப்பத்தைத் தமிழ்ச் சமூகம் எப்படித் தீர்த்தது என்பதுதான் வேடிக்கை. அவளைக் கிழவியாக்கிவிட்டது. ஔவை என்ற சொல்லுக்கே தாய், மூத்தவள் என்று பொருள். பல காலத்து ஔவைகள் ஒன்றாகக் கலந்தார்கள். ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையின் நரைத்த தலை சங்க விறலியின் கழுத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தது. கல்யாணம் பேசியபோது பிள்ளையாரை வேண்டி இளமையை உதிர்த்துவிட்டாள் என்று கதை பிறந்தது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். விறலியைப் பற்றிய சான்று அன்றிலிருந்து எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனாலும் 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கோலூன்றிக்கொண்டுதான் வந்தார். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளிலும் அவர் மூதாட்டிதான். இன்குலாப் 'ஔவை' நாடகத்தை எழுதி அ. மங்கை அதை மேடையேற்றியபோதுதான் கள்ளுண்டு திரிந்த இளைய ஔவையைத் தமிழ் மேடை பார்த்தது. ஓர் ஆணோடு நட்பாயிருந்தவள், அவன் ஆயுளையே தந்துவிட்ட அளவுக்கு நெருங்கியிருந்தவள், இளையவளாக இருந்தால் அடுத்த கேள்வி வந்துவிடும். வராமலிருக்க ஒரே வழி முதுமை. நம் வீடுகளில் "அவ உனக்கு அக்கா மாதிரி" என்று சொல்லி வைப்பதும் இந்த வைத்தியம்தான்.

கேள்விக்கு இடமே வைக்காமல் தானே சொல்லிவிட்டவளுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்கலாம். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், போரவைக்கோப்பெருநற்கிள்ளி மேல் கொண்ட விருப்பத்தைப் புறம் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டில் வெளிப்படையாகச் சொன்னார். வளை கழன்றால் தாய்க்கு அஞ்சவேண்டும், அவனைத் தழுவினால் அவைக்கு அஞ்சவேண்டும் என்று தவித்தார். ஆண் பெயர் வந்துவிட்டதால் பாட்டு அகத்தில் சேரவில்லை. புறத்தில் வைத்துக் கைக்கிளை என்று எழுதினார்கள். ஒருதலைக் காமம். அந்த மறுதலை என்ன நினைத்தது என்று அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

சொல்லிய பெண்ணுக்கே இந்தக் கதி. தோழி எதற்குச் சொல்லப்போகிறாள்?

எங்கள் விடுதியில் 2002இல் ஒரு சம்பவம் நடந்தது. இளங்கலை மாணவிகள் இருவர் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள் என்று யாரோ சொல்லப்போக, இரவோடிரவாக அறை மாற்றினார்கள், மறுநாள் பெற்றோர் வந்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா வாசலிலேயே அவளை அடித்தார். அவர்கள் படிப்பு அத்தோடு நின்றது. நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு அவள் தன் பாயை என் பாயிலிருந்து இழுத்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் குளிருகிறது என்றாள். சித்திரை மாதம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது, எதற்குப் பயந்தேன் என்று அப்போது சொல்லத் தெரியாது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து ஒருபால் உறவை விடுவித்தது. 2021இல் மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், இது குறித்துத் தனக்கே தெளிவில்லை என்று ஒத்துக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர்நீதிமன்றத்தில் உத்தரவு எழுதினார். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே மதுரை. பத்தொன்பது ஆண்டுகள். ஒரு நீதிபதி தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார். நான் ஒரு பாயின் இடமாற்றத்தைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அவள் என் அம்மாவிடம் பேசிய நாளையும் எழுதவேண்டும். அம்மா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டே பேசத் தொடங்கினாள். காதல் என்ற பேச்சே எடுக்கவில்லை. அவர் ஊர்க் கண்மாய் எவ்வளவு பெரியது, அவர் அம்மா எப்படி மொச்சைக் குழம்பு வைப்பார், அந்த ஊருக்கு நம் ஊரிலிருந்து எந்த பஸ் போகும் என்று ஒரு மணி நேரம். அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பையன் பேரென்ன?" என்றாள். குறுந்தொகை 23இல், கட்டுவிச்சி பல மலைகளைப் பாடிக்கொண்டு வரும்போது, தலைவனுடைய மலையைப் பாடிய பாட்டை மட்டும் இன்னொரு தடவை பாடு என்று கேட்டே தோழி அறத்தொடு நிற்கிறாள். ஔவையின் பாட்டு. அவள் அதை அப்படியே செய்துகாட்டினாள். அவர் ஊர்க் கண்மாயை அவள் ஒருநாளும் பார்த்தவள் இல்லை. நான் சொல்லக் கேட்டதுதான்.

2004இல் என் கல்யாணம். முந்தைய இரவு எனக்கு மருதாணி வைத்துவிட்டாள். கூட்டமெல்லாம் தூங்கிவிட்டது. என் உள்ளங்கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, குச்சியால் புள்ளி வைத்தபடியே தலை நிமிராமல் சொன்னாள்: "தோழி அறத்தொடு நின்னாச்சுடி. இனி அவளுக்குக் கூற்று இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன் இல்ல? கற்புல வாயில் மறுத்தல் இருக்கே. கற்பியலைப் பாரு" என்றேன்.

அவள் சொன்னது இலக்கணப்படி தவறுதான். கற்பியலில் தோழிக்குக் கூற்று உண்டு. நூற்பாக்களை எண்ணோடு ஒப்பிக்கும் அவளுக்கு அது தெரியாதா? தவறென்று தெரிந்தே ஒரு வாக்கியத்தைச் சொன்னாள், அதை நான் திருத்திக்கொடுத்தேன். "ஆமா, அது இருக்குல்ல" என்று சிரித்தாள். மருதாணி நன்றாகச் சிவந்தது. மணவறையில் எனக்குப் பின்னால் நின்றாள். சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள் என்று பிறகு அம்மா சொன்னாள்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது ஒரு பதில் வந்துவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் என்னை நானே சந்தேகிக்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, தன்னை யாரோ இவ்வளவு காலம் நேசித்தார்கள் என்று நம்ப விரும்பக்கூடும். அவள் கல்யாணம் செய்யாததற்கு இரண்டு தம்பிகளும் படுத்த படுக்கையான அப்பாவும் காரணமாக இருந்திருக்கலாம். பாயை நகர்த்தியது வெறும் பயமாக இருக்கலாம். கல்யாண வீட்டில் பசிக்காமல் இருந்திருக்கலாம். திருமணம் செய்யாத பெண்ணின் வாழ்க்கைக்கு யாரோ ஒருவர் காரணமாக இருந்தே ஆகவேண்டும் என்று நினைப்பதும் ஊர்ப்புத்திதான். அவளுக்குக் கிடைக்கவேண்டிய கூற்றை இந்தக் கட்டுரையிலும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அச்சுக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்தேன். பெண்களின் தோழமை பற்றி ஒரு தொகுப்பு வருகிறது, உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், படித்துக்காட்டட்டுமா என்றேன். "என்னைப் பத்தி எழுத என்னடி இருக்கு" என்றாள். முழுக்கப் படித்தேன், இந்தப் பத்தியும் இதற்கு முந்தையதும் தவிர. பேன் பார்த்த இடத்தில் சிரித்தாள். பொருளியல் நூற்பா வந்தபோது, "இளம்பூரணரை இன்னொரு தடவை பார்த்துட்டு எழுது" என்றாள். மருதாணி வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் துணி கிடக்கிறது, தூறல் போடுகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அரை மணி கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "போட்டுக்கோ. சித்திரைன்னு எழுதினது சரிதான்."

வருகிற மாதம் விடைத்தாள் திருத்த மதுரைக்கு வருகிறாள். பத்து நாள். எங்கள் வீட்டில்தான் தங்கச் சொல்லியிருக்கிறேன். மாடி அறையில் கிடந்த புத்தகக் கட்டுகளை எல்லாம் நேற்றுதான் கீழே இறக்கி வைத்தேன்.